பத்தாவது கொக்கி

ஓசூர்
12-10-1989

சாந்தா,

பஸ் கிளம்பும் வரை நான் ஜன்னல் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். நீ திரும்பவே இல்லை. சரி, வயிற்றுப்பிள்ளைக்காரி, கழுத்து வலித்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் அப்பா செய்தது நியாயமா, சொல். வளைகாப்பு போட்டு மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்த மனிதர், வந்தோமா போனோமா என்று இருக்க வேண்டாமா? பஸ் ஸ்டாண்டில் இத்தனை பேர் கேட்க, "அஞ்சாம் மாசம் கூட்டியாந்து உட்ருவேன்னு கனா காணாத மாப்ள. பெர்மனெண்ட் ஆன காகிதத்த எடுத்துக்கினு அஞ்செட்டிக்கு வா. அப்பறம் பொண்டாட்டி புள்ளயப் பத்திப் பேசலாம்" என்கிறார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. நீ அவருக்கும் பரிந்து பேசவில்லை, எனக்கும் பேசவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஆனால் இந்தக் கடிதம் சண்டைக்காக எழுதவில்லை. உட்கார்ந்துகொண்டு படி. கம்பெனியில் ஆயுத பூஜை நடந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு மேனேஜர் மைக்கைப் பிடித்தார். கேட்டுக்கு மேலே பெரிய போர்டு இருக்கிறதே, கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பேரிங்குக்குப் போடுகிற எஃகுக் குண்டு மொத்தம் எத்தனை செய்திருக்கிறோம் என்று நம்பர் தொங்குமே, அந்த போர்டில் நூறு கோடி வரும் நாளில் இங்கே வேலையில் இருக்கும் டெம்பரரி ஆட்கள் அத்தனை பேரும் பெர்மனெண்ட் என்றார். கைதட்டலில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற செல்வம் என்னைத் தூக்கிவிட்டான். இப்போது போர்டு எழுபத்திரண்டு கோடியே சொச்சத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு லட்சம் குண்டு போடுகிறோம். அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்பின்னாக வந்துவிடும்.

அந்த போர்டில் ஷிப்ட் முடிந்ததும் நம்பர் தகடு மாற்றுகிற வேலை என்னுடையது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உன்னைக் கூட்டிப் போய்க் காட்டினேன். நீ அண்ணாந்து பார்த்து, "அஞ்சு, எட்டு, சைபர், மூணு, ஏழு..." என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இது என்னா, டெலிபோன் நம்பருங்களா?" என்று கேட்டாய். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால் நீ கேட்டது சரி. ஒன்பது தகடும் ஒரே கறுப்பு, ஒரே இடைவெளி. எங்கே கோடி முடிகிறது, எங்கே லட்சம் தொடங்குகிறது என்று தகடு மாட்டுகிற எனக்கே விரல் விட்டு எண்ணினால்தான் தெரியும். அதற்கு ஒரு வழி செய்யப் போகிறேன். நீ திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தே படிக்க வேண்டும்.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

கரியப்பன்


அஞ்செட்டி
3-11-1989

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று இடத்தில் பிரித்து ஒட்டின மாதிரி இருந்தது. இந்த ஊர்த் தபால்காரருக்கு நம் குடும்பச் சண்டை முழுவதும் பாடமாகியிருக்கும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். திரும்பினால் அழுதிருப்பேன், அப்பா இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார். அப்பா சொன்னது தப்புதான். ஆனால் போன வருஷம் கம்பெனியில் உங்களுக்கு "பிரேக்" கொடுத்து ரெண்டு மாதம் உட்கார வைத்தார்களே, அப்போது ரூம் வாடகைக்குக் கொடுத்த வெங்கடம்மா வீட்டிலேயே அரிசி கடன் வாங்கப் போய் நின்றது நான்தானே. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவராகத் தெரிந்துகொண்டார். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி இன்னொரு தடவை நிற்க எனக்கும் தெம்பு இல்லை. அதனால் அவர் சொல்வதில் பாதி என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு கோடி என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு மாடு என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயிரம் என்றால் அஞ்செட்டிச் சந்தை. லட்சம் என்றால் தேர்த்திருவிழாக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் எனக்கு வெறும் சத்தம்தான் கேட்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "குண்டு போடற கம்பெனிக்காரன் சொல்ற பேச்சும் அப்பிடித்தான் இருக்கும்" என்று துண்டை உதறிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். தினம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்தாலாவது இங்கே பொழுது நகரும். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

சாந்தம்மா


ஓசூர்
26-11-1989

சாந்தா,

செய்து முடித்துவிட்டேன். கேள்.

மேஸ்திரி பாஸ்கரனிடம்தான் முதலில் கேட்டேன். தென்காசிப் பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் திட்டு, மனசு வேறு. "ஏல, கம்பெனி போர்டுல பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போறியோ?" என்றார். விளக்கிச் சொன்னதும் பெயிண்ட் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இப்போது போர்டைப் பார். இடது ஓரத்தில் ரெண்டு சிவப்புத் தகடு. அது கோடி. பிறகு நாலு விரல் இடைவெளி. அடுத்து ரெண்டு மஞ்சள், லட்சம். இடைவெளி. ரெண்டு பச்சை, ஆயிரம். கடைசியில் மூன்று வெள்ளை. கொக்கிகளைப் பிடுங்கி இடம் மாற்றித்தான் இடைவெளி விட்டேன். நேற்று மாட்டிய நம்பர் இது:

75   04   18   600

சிவப்பைப் படித்து "கோடி" என்று சொல்லு. மஞ்சளைப் படித்து "லட்சம்" என்று சொல்லு. முன்னால் சைபர் இருந்தால் அதைக் கண்டுகொள்ளாதே. எழுபத்தைந்து கோடியே நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு. எங்கே, வாய்விட்டுப் படி. அவ்வளவுதான். ரெண்டு ரெண்டு இலக்கமாகப் பிரித்துவிட்டால் எவ்வளவு பெரிய நம்பரும் வீட்டு விஷயம் மாதிரி ஆகிவிடுகிறது.

மாட்டிய அன்றைக்கு வெங்கடம்மா டீக்கடையிலிருந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். எழுத்து தெரியாதவள், நம்பர் மட்டும் தெரியும். "டெப்பை ஐது கோட்லா! ஏமய்யா, இத்தனி குண்டு உள்ள இருந்தா வருது?" என்று எழுபத்தைந்து கோடியைத் தன் தெலுங்கில் படித்து வாயில் கை வைத்தாள். இத்தனை வருஷமாக அந்த போர்டு அவள் கடைக்கு எதிரேதான் தொங்கியது. இப்போதுதான் அது அவளுக்கு நம்பராக ஆகியிருக்கிறது. டவுன் பஸ் கண்டக்டர் இன்னும் மோசம். நம் ஸ்டாப்பிங்குக்குப் பெயரையே மாற்றிவிட்டான். "எழுபத்தஞ்சு கோடி எறங்கு! எழுபத்தஞ்சு கோடி!" என்று விசில் ஊதுகிறான்.

மேனேஜர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். படித்துப் பார்த்துவிட்டு, "யார் பண்ணது? குட்" என்றார். என் பெயரைக் கேட்டார், சாந்தா. மேனேஜர் என் பெயரைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

கரியப்பன்


அஞ்செட்டி
27-1-1990

மாமாவுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். தை பிறந்த நாலாம் நாள் விடியலில். நிறம் உங்களுடையது, பிடிவாதம் யாருடையது என்று போகப்போகத் தெரியும். தந்தி கொடுக்க அப்பா தேன்கனிக்கோட்டை வரை போனார். வந்ததா இல்லையா? வந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யாக்கிவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை மாட்டுக்கொட்டாய் சுவரில் கரியால் எழுதி எழுதிப் படித்தேன். பிரசவ வலி தொடங்கின அன்றைக்கும் எழுபத்தொன்பது கோடி எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா திட்டிக்கொண்டே என்னை உள்ளே இழுத்துப் போனாள். இப்போது எனக்கு நன்றாக வருகிறது. நீங்கள் எந்த நம்பர் எழுதினாலும் திக்காமல் படிப்பேன்.

ஒரு சந்தேகம். பிள்ளை தூங்கும்போது, நூறு கோடி எப்படி இருக்கும் பார்ப்போம் என்று எழுதினேன். கடைசியில் மூன்று சைபர், பச்சையில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு, சிவப்பில் ரெண்டு. ஒன்பதும் நிறைந்துவிட்டது. எல்லாம் சைபர். ஒன்று மட்டும் கையில் நிற்கிறது. தப்பாக எழுதிவிட்டேன் என்று அழித்து மறுபடி எழுதினேன். மறுபடியும் அப்படித்தான். உங்கள் போர்டில் ஒன்பது கொக்கிதானே இருக்கிறது? அந்த ஒன்றை எங்கே மாட்டுவீர்கள்?

போர்டு செய்தவர்களுக்கு நூறு கோடி வரும் என்ற நினைப்பே இல்லையா, அல்லது வரவேண்டாம் என்று நினைத்தார்களா?

சாந்தம்மா


ஓசூர்
5-3-1990

சாந்தா,

தந்தி வந்தது. கையில் வைத்துக்கொண்டு ஷெட் முழுக்க ஓடினேன். செல்வம் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் கொக்கி.

உன் கடிதம் படித்ததும் போர்டுக்குக் கீழே போய் நின்றேன். எண்ணினேன். ஒன்பது. தினம் ஏணி வைத்து ஏறுகிற எனக்கு இது தோன்றவில்லை, மேனேஜருக்குத் தோன்றவில்லை, கைதட்டிய யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்கரன் மேஸ்திரியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீயா போயிக் கேளு. நான் கேட்டதாச் சொல்லாத" என்றார். மேனேஜரிடம் போனேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வரும்போது பார்த்துக்கலாம்பா" என்றார்.

வரும்போது பார்ப்பதற்கு நாம் என்ன மழையா எதிர்பார்க்கிறோம்? நாங்களே செய்தோம். செல்வம் வெல்டிங் அடித்துக் கொக்கி செய்தான். நான் இடது ஓரத்தில் துளை போட்டு மாட்டினேன். இப்போது போர்டில் பத்துக் கொக்கி. பத்தாவது காலியாக இருக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலிக் கொக்கியைத்தான் பார்க்கிறார்கள்.

அதில் மாட்ட வேண்டிய "1" தகட்டையும் எழுதி வைத்துவிட்டேன். நல்ல சிவப்பு, ரெண்டு பூச்சு. அழகாக அமைந்துவிட்டது. கண் பட்டுவிடும் என்று கீழே ஓரத்தில் கறுப்புப் பெயிண்டில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கும் கன்னத்தில் வைத்திருப்பாய் அல்லவா? போர்டுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியில் அந்தத் தகடு துணி சுற்றித் தூங்குகிறது.

இப்போது காரணம். நம்பர் எல்லோருக்கும் புரிய ஆரம்பித்ததிலிருந்து ஷெட்டில் பேச்சே வேறாகிவிட்டது. காலையில் வருகிறவன் சட்டையைக் கழற்றும் முன்பே, "நேத்து மஞ்ச எத்தினி ஏறுச்சி?" என்று கேட்கிறான். எட்டு லட்சம் போட்ட இடத்தில் பதினொன்று போடுகிறோம். வார லீவிலும் வருகிறோம், யாரும் கூப்பிடாமலே. போன வாரம் ஒருத்தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தான். மற்றவர்கள் அவனோடு பேசவில்லை. இந்த நேரத்தில் நான் அஞ்செட்டிக்குப் பஸ் ஏறினால் என் முகத்தில் முழிப்பார்களா? ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டாம். ஆடி முடிவதற்குள் நூறு கோடி. காகிதத்தோடு வருகிறேன், சாந்தா. வெறுங்கையோடு வந்து உன் அப்பா முன்னால் நிற்க என்னால் முடியாது. பாப்பா என்னை மன்னிப்பாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன் கலர் போட்டதிலேர்ந்து புரொடக்‌ஷன் ஏறியிருக்கு" என்றார். முதுகில் தட்டினார்.

கரியப்பன்


அஞ்செட்டி
22-4-1990

மாமாவுக்கு,

பேர் வைத்தாகிவிட்டது. நாராயணம்மா. செத்துப்போன உங்கள் அம்மா பேர். நீங்கள் வருவீர்கள் என்று மதியம் பஸ் வரும்வரை தொட்டிலில் போடாமல் வைத்திருந்தேன். பஸ்ஸில் தபால் பையும் ரெண்டு கோழிக்கூடையும்தான் இறங்கின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் உங்கள் பக்கம் பேசியிருப்பேன்.

அஞ்சாம் மாசம் வருகிறது. மற்றவளுக்கெல்லாம் அஞ்சாம் மாசத்தில் தூளியும் பாத்திரமும் கொடுத்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். என்னைக் கேட்கிறவர்களிடம், "அவங்க கம்பெனியில நம்பர் இன்னும் வரல" என்று சொல்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இத்தனை குண்டையும் யார் வாங்குகிறார்கள்? மாசிக் கடைசியில் அப்பா ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிப் போனார். எல்லா ஊர்த் தக்காளியும் ஒரே வாரத்தில் வந்து குவிந்துவிட்டதாம். மூட்டை இறக்கவே ஆள் இல்லை. ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். நல்ல காய்ப்பு மாமா, ஒரு சொத்தை கிடையாது. நல்லா காய்ச்சதுதான் குற்றம். நீங்கள் பதினொரு லட்சம் என்று குதித்து எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்தத் தக்காளிதான் ஞாபகம் வந்தது.

குண்டு அழுகாது என்பீர்கள். அழுகாதது இன்னும் மோசம். அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

பாப்பா குப்புற விழுகிறாள். உங்கள் போர்டில் ஏறுவது போலவே இங்கேயும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சாந்தம்மா


ஓசூர்
24-6-1990

சாந்தா,

94   87   30   200

படித்துவிட்டாயா? தொண்ணூற்று நான்கு! கண்டக்டர் சத்தம் இப்போது டவுன் வரை கேட்கிறதாம்.

உன் தக்காளிக் கதைக்கு நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. குடோன் நிறைந்துவிட்டது. எண்ணெய் டிரம்மில் குண்டைப் போட்டு மூடி, சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் சைக்கிள் எல்லாம் வெயிலில் நிற்கிறது. போன மாதம் லாரி தினம் வந்தது. இப்போது என்றைக்கு வரும் என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. பாஸ்கரன் மேஸ்திரி என்னிடம், "கொஞ்சம் மெதுவாப் போடுங்கல" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதைச் செல்வத்திடம் சொன்னால், "அவரு பெர்மனெண்ட்டு, அவருக்கு மெதுவாப் போலாம். நமக்கு?" என்கிறான். ஒருத்தரும் மெதுவாகப் போடவில்லை. பதின்மூன்று லட்சத்தில் நிற்கிறோம். இனி நிறுத்தச் சொன்னாலும் கை நிற்காது.

வாக்குக் கொடுத்தது மேனேஜர், அதுவும் ஆயுத பூஜையில், மைக்கில். சாமி முன்னால் சொன்னது. லாரி வருவதும் வராததும் கம்பெனி பாடு. நம்பர் நம் பாடு. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படி நினைத்துக்கொள்.

நூறு கோடி மாட்டுகிற அன்றைக்கு நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. உன் அப்பாவையும் கூட்டி வா. அவர் கையாலேயே அந்த "1" தகட்டை மாட்டச் சொல்கிறேன். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். அவர் ஏறட்டும்.

கரியப்பன்


ஓசூர்
8-8-1990

சாந்தா,

முடிந்துவிட்டது.

99   61   05   400 என்று மாட்டிவிட்டு இறங்கினேன். மறுநாள் காலையில் கேட் பூட்டியிருந்தது. டெம்பரரி ஆட்களை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பெர்மனெண்ட் ஆட்கள் எங்கள் நடுவே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். பாஸ்கரன் மேஸ்திரி என் தோளைத் தொட்டார். போய்விட்டார்.

மேனேஜர் கேட்டுக்கு வந்தார். ஆர்டர் இல்லை, நாலு மாதத்துக்குப் போதுமான சரக்கு இருக்கிறது, இனி டெம்பரரி ஆட்கள் தேவையில்லை என்றார். செல்வம் முன்னால் போய், "இன்னும் முப்பத்தொன்பது லட்சந்தான் சார். மூணு நாளு வேல. சம்பளமே வேணாம், போட்டுக் குடுத்துட்டுப் போறோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவர் எங்களைத் திட்டவில்லை. நிதானமாக, "எவ்வளவு போட்டிருக்கீங்கன்னு நீங்களே படிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் புரியற மாதிரிதானே எழுதியிருக்கு" என்று போர்டைக் காட்டினார். நான் எழுதிய போர்டை எனக்கே காட்டினார், சாந்தா. கறுப்புத் தகடாகவே விட்டிருந்தால் எங்களுக்கு எதுவும் புரிந்திருக்காது. எட்டு லட்சம் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாளாவது ஓட்டியிருப்போம்.

கன்னடக்கார எலக்ட்ரீஷியன் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து, "சாகு பிடு" என்றார். போதும், விட்டுவிடு என்று அர்த்தம். குடித்தேன்.

உன் தக்காளியை நினைத்துக்கொண்டேன். அதை நீ எழுதியபோதே எனக்குத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. தெரிந்தும் எழுதினேனே, "நீயும் அப்படி நினைத்துக்கொள்" என்று.

பெங்களூர் பீன்யாவில் கட்டட வேலை இருக்கிறதாம். செல்வமும் நானும் போகிறோம். அந்த விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கே தங்க இடம் கிடையாது, எழும்புகிற கட்டடத்திலேயே படுக்க வேண்டும். பிள்ளையோடு வா என்று உன்னைக் கூப்பிடுகிற இடம் இல்லை. பாத்திரம் பண்டமெல்லாம் ரூமில் இருக்கிறது. உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தோன்றியதைச் சொல்.

அந்த "1" தகடு போர்டுக்குப் பின்னால் பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துவரக் கேட்டேன். கம்பெனிச் சாமான் என்று வாட்ச்மேன் விடவில்லை.

கரியப்பன்


அஞ்செட்டி
11-12-1990

மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு பீன்யா விலாசத்துக்கு ரெண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கட்டடம் முடிந்து வேறு கட்டடத்துக்குப் போயிருப்பீர்கள். இதையும் அங்கேதான் போடுகிறேன். வேறு விலாசம் என்னிடம் இல்லை.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் காகிதத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விடுகிறார். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாட்டுக்கொட்டாய் சுவரில் நான் எழுதிய நம்பரையெல்லாம் கையால் தேய்த்து மூஞ்சியில் பூசிக்கொள்கிறாள்.

வெங்கடம்மா ஆள் விட்டிருந்தாள். ரூமை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும், சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. போன வாரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஓசூரில் இறங்கி டவுன் பஸ் ஏறினேன். நம் ஸ்டாப்பிங் வரும்போது தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். கண்டக்டர் கத்தினார்.

"நூறு கோடி எறங்கு! நூறு கோடி!"

மாமா, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பத்துக் கொக்கியிலும் தகடு இருந்தது.

1 00   12   40   000

நூறு கோடியே பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு தடங்கலும் இல்லாமல் பஸ்ஸில் இருந்தே படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த ஒன்று உங்கள் தகடுதான். இறங்கிக் கிட்டே போய்த் தகட்டின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன், அந்தத் திருஷ்டிப் பொட்டு அப்படியே இருக்கிறது. அவ்வளவு பத்திரமாக நீங்கள் எழுதி வைத்த தகட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். வேறு எழுத வேண்டிய வேலையை நீங்கள் அவர்களுக்கு வைக்கவில்லை.

சரக்கு தீர்ந்ததும் புது டெம்பரரி ஆட்களை எடுத்தார்களாம். நம் ரூமுக்கு வருவதும் அதில் ஒருவர்தான், பெரியதம்பி என்று பேர், மதுரைப் பக்கத்துக்காரர். நான் பாத்திரத்தைக் கட்டும்போது அவர் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். மனசு கேட்காமல் கேட்டேன்.

"ஏங்க, அந்த நூறு கோடி வந்துட்டுதே, யாரையாச்சும் பெர்மனெண்ட் பண்ணாங்களா?"

"அது பழைய ஆளுகளுக்குச் சொன்னதாம்ல அக்கா. அவுக யாரும் இப்ப இல்லையே" என்றார். பாவம், முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்களுக்கு எரநூறு கோடின்னு சொல்லியிருக்காக. போர்டப் பாத்தீகளா? கலர் கலரா எம்புட்டுத் தெளிவா எழுதிருக்காக! நாங்க தெனமும் படிச்சுக்கிட்டேதான் உள்ள போறோம்."

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எழுபத்தைந்து கோடி என்று எழுதின கடிதம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு யார் வந்து சொல்லியிருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சாவியை வெங்கடம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் சட்டை ரெண்டு, சைக்கிள் பம்பு, பெயிண்ட் பிரஷ் எல்லாம் இங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, கரியை எடுத்து இருநூறு கோடியை எழுதிப் பார்த்தேன். பத்து இடத்தில் அடங்குகிறது. முந்நூறும் அடங்குகிறது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கோடி வரைக்கும் அவர்களுக்கு நீங்கள் போட்ட கொக்கியே போதும்.

சாந்தம்மா